அப்பா நின்ற களம்

கடலூரில் இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன என்று பினாங்கில் எனக்கு யாரும் சொல்லவில்லை. பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வண்டி போன பிறகு போர்ட்டர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது பழைய பட்டணம், நான் தேடுகிற மிஷன் கோயில் புதுப் பட்டணத்துப் பக்கம் இருக்கிறது என்றார்.

குதிரை வண்டி பிடித்தேன். ஆற்றுப் பாலத்தின் நடுவில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் அதைத் திட்டவும் இல்லை, தட்டவும் இல்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு, அதுக்கு மனசு வந்தா போகும் என்றார். எங்கள் எஸ்டேட்டில் சங்கு ஊதினால் மனசு வந்தாலும் வராவிட்டாலும் எல்லாம் நகர்ந்தாக வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம். அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தே கடந்தேன். தை மாதம்தான், ஆனாலும் கோயிலைச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மலாயாவில், பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பதினைந்து வருடமாக உபதேசியாராக இருக்கிறேன். அந்த வருடம் எனக்குக் குருப்பட்டம் கொடுப்பதாகப் பேராயர் முடிவு செய்திருந்தார். பட்டம் வாங்குவதற்கு முன்னால், என் அப்பா நின்ற இடத்தில் ஒருமுறை நின்று ஜெபம் செய்துவிட்டு வர விடுப்புக் கேட்டேன். உடனே கொடுத்தார்கள். அந்த இடத்தைப் பற்றி எங்கள் சபையில் தெரியாதவர்கள் கிடையாது.

அப்பா சிதம்பரத்துக்குத் தெற்கே, குமராட்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பண்ணையாளாக இருந்தவர். சின்னான் என்று பெயர். முப்பது குடும்பங்களோடு சேர்ந்து கடலூருக்கு நடந்து வந்து ஞானஸ்நானம் வாங்கி ஆபிரகாம் ஆனார். அடுத்த அறுப்புக் காலத்தில் பண்ணைக்காரர் முப்பது குடும்பத்தையும் நெல் அடிக்கும் களத்துக்கு வரச்சொன்னார். தட்டில் திருநீறு இருந்தது. பூசிக்கொண்டு பழையபடி இருக்கிறவர்களுக்கு நாளைக்கு அறுவடை, மற்றவர்களுக்கு இந்த ஊரில் வேலை இல்லை என்றார். இருபத்தொன்பது பேர் பூசிக்கொண்டார்கள். அப்பா ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கே ஊரை விட்டு நடந்து நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்.

இதை அப்பா சொல்ல நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பிரசங்க பீடத்திலிருந்து அதைவிட அதிகமாகச் சொல்லியிருக்கிறேன். நான் யார் என்று யாராவது கேட்டால், அந்தக் களத்தில் நின்றவரின் மகன் என்பதுதான் என்னிடம் இருந்த பதில்.

கடலூர்ப் போதகர் நல்ல மனிதர். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த வஞ்சிர மீனைக் குழம்பு வைத்து, தன் இலையிலிருந்த துண்டையும் என் இலைக்குத் தள்ளினார். அந்தக் குழம்பின் புளியும் காரமும் என் அம்மாவின் கைக்குத் தெரியாதவை. கண்ணில் தண்ணீர் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அப்பாவின் கதையைச் சொன்னேன். போதகர் கையை உதறிவிட்டு எழுந்தே விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார். சம்மதித்தேன். சாயங்காலத்துக்குள் நாலு வீடுகளுக்கு அந்தச் செய்தி போய்விட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். போதகர் அலமாரியிலிருந்து எடுத்து வந்தபோது, கரையான் தின்றது போக மீதிதான் இருந்தது. அப்பாவின் பக்கம் தப்பியிருந்தது. சின்னான், இனி ஆபிரகாம். அதற்குக் கீழே, அவர் மனைவி சாராள். அதற்குக் கீழே, அவர்கள் குழந்தை மார்த்தாள், வயது இரண்டு.

என் அம்மாவின் பெயர் எஸ்தர். மலாயாவில் பிறந்தவள். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை.

அப்பாவின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தது. ஓரத்தில், திரும்பிப் போனவர் என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் குடும்பம் குடும்பமாக அதே கோடு. சாராள், மார்த்தாள் என்ற இரண்டு பெயர்களின்மேல் மட்டும் கோடு இல்லை.

போதகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். குமாஸ்தா வரி மாற்றிக் கோடு போட்டிருப்பார், அந்தக் காலத்தில் அப்படி நடப்பதுண்டு என்றார். நானும் ஆமாம் என்றேன். இருவருமே பதிவேட்டை மூடுவதில் அவசரம் காட்டினோம். பகல் பஸ்ஸிலேயே சிதம்பரத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

வழியில் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். என் பக்கத்து ஆசனக்காரர் லால்பேட்டைக்காரர், துணி வியாபாரி. என் பேச்சைக் கேட்டுவிட்டு மலாய் மொழியில் நலம் விசாரித்தார். இருபது வருடம் பினாங்கில் கடை வைத்திருந்தாராம். பரோட்டாவைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஆசையாகப் பேசினார். நாளைக் காலை நான் ஏறப்போகிற பஸ்ஸிலேயே குமராட்சி வரை தானும் வருவதாகவும், எனக்கு வழி காட்டுவதாகவும் சொன்னார். அங்கே யார் வீட்டுக்கு என்று கேட்டபோது, சபைக் காரியம் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. "அங்க சம்பாதிச்சாலும் கப்ருல படுக்க இங்கதான் வரணும்னு நெனப்பு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதான் வந்துட்டேன்" என்றார். எங்கே போய்ப் படுக்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

சிதம்பரத்தில் லாட்ஜில் அறை எடுத்தேன். ஓட்டலில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு ஊற்றினார்கள். நாலு இட்லி சாப்பிட்டு மறுபடி கொத்சு கேட்டேன். பிறகு கோபுரத்தைச் சுற்றி நாலு வீதிகளிலும் நடந்தேன். தேர் ஓடுகிற வீதிகள், அகலமானவை. அறுப்புக் காலத்தில் வண்டியோடு இந்தப் பட்டணத்துக்கு வந்தால் தன்னைப் போன்றவர்கள் இந்த வீதிகளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். என்னை யாரும் தடுக்கவில்லை. கால்சட்டை போட்டிருந்தேன். ஒரு பூக்காரி சார் என்று கூப்பிட்டாள். கீழவீதியில் நடக்கும்போது மட்டும் அப்பாவுக்காக மெதுவாக நடந்தேன். அவரை நான் நம்பிய கடைசி சாயங்காலம் அதுதான்.

சனிக்கிழமை காலை குமராட்சியில் இறங்கினோம். லால்பேட்டைக்காரர் வாய்க்கால் கரையைக் காட்டி, அப்படியே ஒரு மைல் போங்க மச்சான் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். கிளம்புமுன் டீக்கடையில் ஏறினேன். கடைக்காரர் துண்டால் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, பித்தளை டம்ளரில் டீ கொடுத்தார்.

இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. விசாரித்துப் பார்த்தேன், மார்த்தாள் என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. வயல் வரப்பில் கட்டுச் சுமந்து போன ஒரு பெண், "வேதக்கார மாரியா?" என்று கேட்டுவிட்டுக் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். கிறிஸ்தவர்களை அந்தப் பக்கத்தில் வேதக்காரர் என்பார்கள். நாலு வயல் தாண்டி அரிவாளோடு ஓர் உருவம் நிமிர்ந்தது.

அருகில் வந்தபோது எனக்கு ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. ஐம்பதை நெருங்கும் வயது, முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மலாய்லேர்ந்தா?" என்றார். தலையை அசைத்தேன். அரிவாளைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

குனிந்து நுழைகிற ஒற்றைக் குடிசை. பாய் விரித்தார். வீட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லி, வேகவைத்த பனங்கிழங்கை நார் உரித்துக் கொடுத்தார். இரண்டு தின்றேன். நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இறந்ததைச் சொன்னேன். அழவில்லை. தன் அம்மா சாராளும் அதே சமயம்தான் இறந்துபோனதாகச் சொன்னார். கோயிலுக்கென்று கல்லறை நிலம் அந்தப் பக்கத்தில் கிடையாது. வாய்க்கால் கரையில் புதைத்தார்களாம். அடுத்த வருடம் கொள்ளிடத்து வெள்ளம் வந்து அந்தக் கரையையே கொண்டுபோய்விட்டது.

களம் எங்கே என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. வாசலிலிருந்து கையை நீட்டினார். வைக்கோல் போர் தெரிந்தது.

"அங்கதான் எல்லாரும் பூசிகிட்டாங்க. அப்பாவும் பூசிகிட்டாரு" என்றார். "அம்மா மட்டும் என் நெத்திய ஒரு கையால மூடிகிட்டு, தன் நெத்திய ஒரு கையால மூடிகிட்டு நின்னுச்சாம்."

அவரே சொல்லிக்கொண்டு போனார். அம்மாவுக்கு அந்த ஊரில் வேலை நின்றுபோனது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொள்ளிடத்தைக் கடந்து அக்கரையில் நடவுக்குப் போனாளாம். அப்பா மறுநாள் அறுப்புக்குப் போனார், கூலி நெல்லைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா அதை ஆக்கவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை. அப்பா பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு காலையில் போய்விட்டார்.

"அவர எதும் நெனச்சிக்காத தம்பி. எங்களுக்குச் சோறு இல்லாம போயிடுமேன்னுதான் பூசிகிட்டாரு. அம்மா ஒரு வார்த்த பேசியிருந்தா இருந்திருப்பாரு. அது பேசல."

யாரையும் குற்றம் சொல்லாத அந்தக் குரலில் நான் நொறுங்கிப்போனேன். அவர் அப்பாவைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

ஜெபம் செய்யலாமா என்று கேட்டேன். அதற்குத்தானே கடல் தாண்டி வந்தேன். முழங்கால் போட்டோம். பதினைந்து வருடமாக எந்த வீட்டிலும் எந்தச் சாவிலும் எனக்கு வார்த்தை நின்றதில்லை. அங்கே நின்றுவிட்டது. யாருடைய மகனாக நான் அவர் முன்னால் முழங்கால் போட்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. களத்தில் நின்றவரின் மகனை எடுத்துவிட்டால் மீதி யார் இருக்கிறார்கள் என்று உள்ளே பார்த்தேன். யாரும் இல்லை. கடவுள் இருந்தாரா என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியவில்லை. அக்காவே சொன்னார்: "கர்த்தாவே, தம்பி வந்திருக்குது. பாத்துக்க. ஆமென்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவரும் கூடவே நடந்து வந்தார். வரப்பில் எனக்கு முன்னால் போனவர், திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"எங்களப் பத்தி எதனா சொல்லிக்கிட்டு இருந்தாரா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "இல்லைக்கா" என்றேன். நடை ஒரு நொடி நின்றது. பிறகு சரி என்று சொல்லிவிட்டு முன்போலவே நடந்தார்.

நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். பஸ் வரவில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மறுபடி பெஞ்சைத் துடைத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். அக்கா தெருவில், வெயிலில் நின்றார். அவருக்கு அந்தக் கடையில் ஏறும் வழக்கம் கிடையாது, நான் கூப்பிடுவேன் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டே, தெருவில் நிற்கிறவர் யார், எனக்கு என்ன உறவு என்று விசாரித்தார்.

"வழி காட்டக் கூட வந்தாங்க" என்றேன்.

அக்கா அதைக் கேட்டார். கேட்கிற தூரத்தில்தான் நின்றார். நான் டீயைக் குடித்தேன். நாக்கு சுட்டது, குடித்து முடித்தேன். பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது பக்கத்தில் வந்து, கடைக்காரர் காதில் விழாதபடி மிக மெதுவாக, "நல்லபடியா போய்ச் சேரு தம்பி" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்குக் குரலை இன்னும் இறக்கினார். எனக்காகத்தான்.

பஸ்ஸில் சிதம்பரம் வரை எதையும் பார்க்கவில்லை. அப்பா பூசிக்கொண்டது பசியால், குழந்தைக்காக. என்னை யாரும் எந்த வேலையிலிருந்தும் நிறுத்துவதாகச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் டீ.

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் கோயில் நிறைந்திருந்தது. பீடத்தருகே நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்க்கும்போது முதல்முறையாக ஒன்று கண்ணில் பட்டது. முன்பக்கம் பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருவகை, இடப்பக்கம் பின்னால் பாயில் இருந்தவர்கள் வேறுவகை. அக்கா வந்திருந்தால் பாயில்தான் உட்கார்ந்திருப்பார். என்னை மட்டும் நாற்காலியில் வைத்திருக்கிறார்கள்.

சாட்சி சொல்ல எழுந்தேன். பழைய கதையைச் சொல்லிவிடலாமா என்று அப்போதும் ஒரு நினைப்பு இருந்தது. அது நன்றாகப் பழகிய கதை, எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பதுவரை தெரியும். எனக்கு விசுவாசம் பெருகி உண்மையைச் சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் கதையைத் தாங்க என்னிடம் பலம் இல்லை, அவ்வளவுதான். அப்பா பூசிக்கொண்டதைச் சொன்னேன். சாராளைச் சொன்னேன். டீக்கடையைச் சொன்னேன். "என் அப்பா ஒருமுறை மறுதலித்தார். நேற்று என் அக்காவை நான் மறுதலித்தேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

போதகர் அவசரமாகக் கீர்த்தனை எண்ணைச் சொன்னார். பாட்டு உரக்கக் கிளம்பி எல்லாவற்றையும் மூடியது. ஆராதனை முடிந்ததும் யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. வாசலில் ஒரு பெரியவர் இன்னொருவரிடம், கோயிலில் பேசுகிற பேச்சா இது, மலாய்க்காரங்களுக்கு எது எங்கே பேசுறதுன்னு தெரியாது என்று சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார். மத்தியானச் சாப்பாட்டில் போதகர் நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றிப் பேசினார்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனபோது, மணி அடிக்கும் கோயில்பிள்ளை ஞானமுத்து கிணற்றடியில் எனக்காகக் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியவரில்லை. எங்க ஊரும் குமராட்சிப் பக்கந்தாங்க என்று ஆரம்பித்தார். வாளியின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பாவும் அன்னிக்குக் களத்துல நின்னவருதாங்க. இருபத்தொம்பது பேரு பூசிகினாங்க, எங்கப்பா ஒருத்தருதான் பூசிக்கலன்னு எங்க ஊட்ல சொல்லுவாங்க. அதனாலதான் எனக்கு இந்தக் கோயில் வேலயே குடுத்தாங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்போ எங்கப்பனும் பூசிகினாராங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். ஆனால் பதிவேட்டில் நான் பார்த்த சிவப்புக் கோடுகள் என் கண்ணில் நின்றன. நாற்பத்தைந்து வருடமாக எத்தனை வீடுகளில், எந்தெந்தத் தேசங்களில், அந்த ஒற்றை ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறாரோ. எனக்குக் கிடைத்த உண்மை என்னை விடுதலையாக்கவில்லை. இன்னொரு மனிதனின் அப்பாவையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாங்க" என்றார். அதில் கோபம் இல்லை. கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, என் அக்காவின் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாய்க்கால் கரை, ஒரு மைல், வேதக்கார மாரி என்று கேட்டால் சொல்வார்கள் என்றேன். போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. கொஞ்ச நேரம் கூட ஒக்காந்துட்டு வருவேன்."

திங்கட்கிழமை ரயில் ஏறினேன். ஊர் திரும்பியதும் பேராயரைப் பார்த்துப் பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். பொறுத்திருந்து பார்க்கலாம் என்றார். இன்னும் உபதேசியாராகத்தான் இருக்கிறேன். சாவு வீடுகளுக்குப் போகிறேன், பெரும்பாலும் பேசாமல் இருந்துவிட்டு வருகிறேன். இதற்குத்தான் அழைக்கப்பட்டேனா என்று தெரியவில்லை. வேறு எதற்கும் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

அன்று ரயிலில், கொள்ளிடத்துப் பாலத்தைத் தாண்டும்போது, கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வருவேன் என்று கோயில்பிள்ளை சொன்னது மறுபடி காதில் விழுந்தது. என் அக்காவோடு நான் உட்கார்ந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. அவ்வளவு நேரமும் அப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் உண்டா, இருந்தால் எங்கே, அந்தக் குடிசையில் வேறு யார் இருக்கிறார்கள் — ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். வயல்களில் நிறையப் பேர் குனிந்திருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் யாரையும் அடையாளம் தெரியவில்லை.